பாளை முகமும் காகித முகமும்

குன்னூருக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்கு வேண்டிய தம்பதிகள் இருக்கிறார்கள். அவர் டீ மேக்கர். அந்த அம்மாளுக்கு வெனிஸ் நகரத்து முகமூடிகளைக் கையாலேயே செய்வதில் ஒரு பைத்தியம். களிமண்ணில் முகம் பிடித்து, அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பார். அச்சின் உட்புறம் எண்ணெய் தடவி, பசையில் நனைத்த காகிதத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவார். காய்ந்ததும் பெயர்த்து, கண்களை வெட்டி, வெள்ளைப் பூச்சுப் பூசித் தேய்த்து, வர்ணமும் ஜிகினாவும் வைப்பார். வெனிஸ்காரர்களுக்குக் கம்பளிபோல் மெத்தென்ற ஒரு காகிதம் உண்டு. இவருக்குத் தினசரிப் பத்திரிகை. பசை, சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்களின் பசைதான்: மைதாவும் மயில்துத்தமும். அதிலெல்லாம் ஒன்றும் குறைவில்லை. ஆடி மாதத்து மூடுபனிதான் எதிரி. நாலு நாளாகியும் முகம் காய மாட்டேன் என்கிறது. ஐந்தாம் நாள் மூக்கில் பூசணம் பூக்கிறது.

"ஏங்க, பாக்டரி மாடியிலே இலை வாடறதுக்கு வெதுவெதுன்னு காத்து வருதே, ஒரு ராத்திரி இதை அங்கே வச்சா என்ன?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு! தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கும். ருசி பார்க்கிறவன் வாயிலே போஸ்டர் பசை பட்டுதுன்னா என் வேலை போயிடும்" என்றார் அவர்.

பேச்சு அதோடு முடிந்தது. பாதி காய்ந்த அந்த முகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இப்படி ஒரு பொருளை ஒரு நகரம் நூற்றாண்டுக் கணக்கில் விடாமல் செய்ததென்றால், அது சுவரில் மாட்டி அழகு பார்ப்பதற்காக மட்டும் இருந்திருக்குமா?

நிச்சயமாக இல்லை. வெனிஸில் முகமூடி செய்கிறவர்களுக்குத் தனிச் சங்கமும் சாசனமும் 1436லேயே ஏற்பட்டுவிட்டன. அதற்கும் முன்பு, 1268லேயே, முகமூடி அணிந்துகொண்டு விளையாட்டாக முட்டை எறிகிறவர்களை அடக்க ஒரு சட்டம் வந்தது. முட்டைக்குள்ளே வாசனைத் தண்ணீர் இருக்குமாம். பிரபுக்களின் குறும்பு எப்போதும் செலவு பிடித்த குறும்புதான்.

அந்த ஊரின் முகமூடிகளில் முக்கியமானது 'பாவுத்தா'. வெள்ளை முகம், கறுப்புப் போர்வை, முக்கோணத் தொப்பி. முகவாய்ப் பக்கம் கலப்பைக் கொழுப்போல் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். கழற்றாமலே சாப்பிடலாம், குடிக்கலாம். குரலும் மாறிப் போகும். அதை அணிந்தவர் செனட் அங்கத்தினரா, செருப்புத் தைப்பவரா என்று எதிரே நிற்பவருக்குத் தெரியாது. ஆகவே எல்லோரையும் 'முகமூடியாரே' என்கிற பாவனையில் ஒரே மரியாதையுடன் அழைத்தார்கள். 1638ல் அரசாங்கமே ரிதோத்தோ என்ற சூதாட்ட மண்டபத்தைத் திறந்தது. ஆட வருகிறவர் முகத்தை மூடியிருக்க வேண்டும். பணம் வாங்கும் பிரபு மட்டும் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குடும்பங்கள் ஓட்டாண்டியான பிறகு, 1774ல் அதை மூடினார்கள்.

பெண்களுக்கென்று ஒரு முகமூடி இருந்தது: 'மொரெத்தா'. கறுப்பு வெல்வெட்டில் முட்டை வடிவம். கட்டக் கயிறு கிடையாது; உட்புறம் இருக்கும் பொத்தானைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். ஆணின் முகமூடி குரலை மாற்றியது, பெண்ணின் முகமூடி குரலையே எடுத்துவிட்டது! இதைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் கல்யாணமான ஆண்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

1797ல் நெப்போலியனிடம் குடியரசு விழுந்தது. முகமூடித் தொழிலும் படுத்தது. 1979ல் கார்னிவல் திருவிழா மீண்டும் உயிர்பெற்ற சமயத்தில்தான் இளைஞர்கள் சிலர் பழைய அச்சு வேலையைப் புதிதாகக் கற்றுக்கொண்டார்கள். இன்று அங்கே கைவேலையோடு வெளிநாட்டு பிளாஸ்டிக்கும் சேர்ந்து விற்கிறது.

நீலகிரிக்கு முகமூடி வெள்ளைக்காரரோடு ஏறி வந்தது. ஜான் சல்லிவன் 1819ல் மலை ஏறினார். 1870லிருந்து உதகமண்டலம் சென்னை அரசாங்கத்தின் கோடைத் தலைநகர். மலைவாசஸ்தலங்களில் சீசன் என்றால் குதிரைப் பந்தயம், வேட்டை, மாறுவேட நடனம். சர் வில்லியம் ரம்போல்ட் 1830களில் ஹோட்டலாகக் கட்டிய வெள்ளைத் தூண் மாளிகைதான் பின்பு ஊட்டி கிளப் ஆயிற்று. இத்தகைய கிளப்புகளில் நம்மவர்கள் நெடுங்காலம் தட்டேந்தி நின்றார்களே தவிர, நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அழைப்புச் சீட்டு வைத்திருப்பவர்கள் மட்டும் கூடுகிற இடத்தில் முகத்தை மூடினால் என்ன, மூடாவிட்டால் என்ன? யாரும் யாருக்கும் சமமாகிவிடப் போவதில்லை. வெனிஸ் முகமூடியின் வர்ணத்தை எடுத்துக்கொண்டு அதன் வேலையை விட்டுவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அந்த வேலையைச் செய்கிற முகமூடியைப் பார்க்க வேண்டுமென்றால் ஊட்டியிலிருந்து மேற்கே இறங்க வேண்டும். கூடலூர்ப் பகுதி முன்பு வயநாட்டைச் சேர்ந்தது. 1877லேதான் நீலகிரியோடு இணைத்தார்கள். அங்கிருந்து வயநாட்டைக் கடந்து மலை இறங்கினால் கண்ணூர். அது தெய்யத்தின் நாடு. ஐப்பசியில் தொடங்கி வைகாசி வரையில் அங்கே ஒவ்வொரு காவிலும் தெய்வங்கள் மனித உடம்பில் வந்து நிற்கும். பெரும்பாலான தெய்யங்களுக்கு முகத்தின்மேல் நேரே எழுதுகிற வர்ணந்தான். ஆனால் பொட்டன் தெய்யத்துக்கு முகமூடி உண்டு. கமுகம்பாளையில் செய்தது. பாளையைச் சீவித் தட்டையாக்கி, கண்ணுக்கும் வாய்க்கும் வெட்டி, முகம் எழுத வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு, விளக்குக் கரி கறுப்பு. அச்சு வேண்டாம், பசை வேண்டாம், காயவைக்கிற தொல்லையும் வேண்டாம்.

கதை இதுதான். ஆதிசங்கரர் வரப்பு வழியே போகிறார். எதிரே ஒரு புலையன். "வழி விடு" என்கிறார் ஆசாரியர். அவன் நகரவில்லை. உன்னை வெட்டினாலும் என்னை வெட்டினாலும் வருகிற ரத்தத்தில் என்ன வித்தியாசம் என்று கேட்கிறான். வந்தவன் சிவபெருமான் என்று கதை முடிக்கிறது. எனக்கென்னவோ, சிவன் என்பது பிற்பாடு சேர்த்த பாதுகாப்போ என்று ஒரு சந்தேகம். சாமி கேட்டது என்றால் சண்டை வராதல்லவா?

இதை ஆடுகிறவர்கள் தீண்டாமைக்கு உட்பட்டிருந்த சாதியார். பகலில் ஜன்மியின் வீட்டு முற்றத்துக்குள் கால் வைக்க முடியாதவர், இரவில் பாளை முகத்தோடும் குருத்தோலை ஆடையோடும் வந்து, கனலும் தணல் குவியலின்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, அதே கேள்வியைக் கேட்பார். ஜன்மி கை கூப்பி நிற்பார். பதில் சொல்ல மாட்டார். முகமூடியைக் கழற்றிய பிறகு அவர் மறுபடி முற்றத்துக்கு வெளியே. இப்படியே தலைமுறை தலைமுறையாக நடந்தது.

1970 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தில் ஜன்மிகளின் நிலம் குத்தகைக்காரர்களுக்குப் போயிற்று. பழைய தரவாட்டு வீடுகள் பல பாகம் பிரிந்தன, சில இடிந்தன. தெய்யம் நிற்கவில்லை. பாளை சீவுகிறவர்களும் தணலில் படுக்கிறவர்களும் இன்றும் அந்தச் சாதிகளைச் சேர்ந்தவர்கள்தாம்.