மண்ணில் மறைந்த ஆலயம்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், ஆற்றங்கரையொன்றிலே, சென் மேரிஸ் என்னும் சிறு நகரம் 1634 ஆம் ஆண்டிலே தோன்றிற்று. தாய்நாடாகிய இங்கிலாந்திலே வெளிப்படையாக வழிபட வழியற்றிருந்த கத்தோலிக்கரும் அங்கே குடியேறினர். 1649 இல் அக்குடியேற்றம் இயற்றிய சட்டம், திரித்துவத்தை நம்பும் கிறிஸ்தவர் எவரையும் சமயத்தின் பொருட்டு வருத்தலாகாது என விதித்தது. ஏனையோருக்கு அதிலே காவல் இல்லை என்பது உண்மையே. ஆயினும் அக்காலத்துக்கு அது பெரிய காரியம்.

1667 ஆம் ஆண்டளவில் அங்கே செங்கல்லாலான ஆலயம் எழுந்தது. பின்னர் ஆட்சி மாறிற்று. 1695 இல் தலைநகர் அன்னாபொலிசுக்குப் பெயர்ந்தது. 1704 இல் ஆளுநரின் ஆணைப்படி ஆலயக் கதவு பூட்டப்பட்டது. அதன்பின் கட்டடத்தைப் பிரித்துச் செங்கற்களையும் கொண்டு சென்றனர். எஞ்சிய நிலத்தின்மேல் ஏர் சென்றது, கல்லறைகளின் மேலுந்தான்.

அத்திவாரம் மட்டும் மண்ணுள் தங்கியது. கட்டடக்கலை அறிஞர் போர்மன் 1938 இல் அகழ்ந்தபோது, மூன்றடி அகலமும் ஐந்தடி ஆழமும் கொண்டு, சிலுவை வடிவிலே அது வெளிப்பட்டது. அரை நூற்றாண்டு கழிந்து, 1990 இல், அதனுள்ளே மூன்று ஈயப் பெட்டிகள் கிடைத்தன. ஒன்றில் இருந்தவர் முன்னாள் ஆளுநர் பிலிப் கல்வேட் என்றும், மற்றொன்றில் இருந்தவர் அவர் மனைவி ஆன் என்றும் ஆய்வாளர் முடிவுசெய்தனர். மூன்றாவதிலே ஒரு குழந்தை.

செல்வர்க்கு ஈயம் வாய்த்தது. புறத்தே புதைக்கப்பட்டோரின் மரப்பெட்டிகளோ மக்கிப்போய், ஆணிகளும் மண்ணின் நிறவேறுபாடுமே அடையாளமாக எஞ்சின. அவர்களுட் பெரும்பாலோர் இன்னார் என்று அறியப்படவில்லை.

2009 இல் அதே அத்திவாரத்தின்மேல் ஆலயம் மீண்டும் கட்டப்பட்டுத் திறக்கப்பட்டது.