கந்தகம் யார் கணக்கில்?

தாதுப் படிவுகள் உருவான கதையை மண்ணியல் நூல்களில் படிக்கிறபோதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும்: இவ்வளவு நேர்த்தியான கதையாடலில் மனுசங்க எங்கே?

சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய தென்மேற்கு ஸ்பெயின் கடலுக்கு அடியில் கிடந்தது. எரிமலைப் பாறைகளின் வெடிப்புகளுக்குள் கடல்நீர் இறங்கியது. ஆழத்துப் பாறைக்குழம்பின் சூட்டில் காய்ந்து, இரும்பையும் செம்பையும் துத்தநாகத்தையும் கரைத்துக்கொண்டு மேலேறியது. கடலடியின் குளிர் பட்டதும் உலோகங்கள் கந்தகத்தோடு சேர்ந்து சல்பைடாகப் படிந்தன. இது நடப்பதை மனிதக் கண் நேரில் பார்த்தது 1979இல்தான். கிழக்குப் பசிபிக்கில் ஆல்வின் நீர்மூழ்கியில் போனவர்கள், சுமார் 350 டிகிரி சூட்டில் கரும்புகை போல நீர் பீறிடும் ஊற்றுகளைக் கண்டார்கள்.

படிவு இயற்கையுடையது. அதைத் 'தாது', 'கழிவு' என்று பிரிப்பது சந்தை. ரியோ டின்டோ சுரங்கங்களை 1873இல் ஸ்பெயின் அரசு வெளிநாட்டு மூலதனத்துக்கு விற்றது. அதை வாங்கியது பிரிட்டிஷ் முதலாளிகள் முன்னின்று திரட்டிய ஒரு தனியார் கூட்டு. பிரிட்டனுக்குக் கப்பலேறிய பைரைட்டில் கந்தகம் விற்பனைச் சரக்கு. அமிலம் காய்ச்ச உதவியது. செம்புக்காக உள்ளூரிலேயே வறுத்த தாதுவில் அதே கந்தகம் வெறும் புகை. திறந்தவெளியில் குவித்து மாதக்கணக்கில் எரித்தார்கள். புகை கவிழ்ந்து வேலை நின்றால் அதற்குப் பெயர் 'போர்வை'. அன்னைக்குப் பாதிக் கூலிதான்.

பயிர் கருகிய விவசாயிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் 1888 பிப்ரவரி 4 அன்று ஒன்றாக ஊர்வலம் வந்தார்கள். ராணுவம் சுட்டது. அரசுக் கணக்கில் செத்தவர்கள் 13 பேர். ஜனங்களின் ஞாபகத்தில் அதைவிடப் பல மடங்கு. மாதக் கடைசியில் எரிப்புக்குத் தடை வந்தது. 1890இல் அந்தத் தடையையும் விலக்கிக்கொண்டார்கள்.

இதைப் படிக்கிற நமக்குத் தூத்துக்குடி ஞாபகம் வராமல் இருக்காது. 2018 மே மாதம் அங்கே தாமிர உருக்காலையை எதிர்த்துப் போனவங்க மேல் போலீஸ் சுட்டதில் இறந்தவர்களும் 13 பேர். அங்கேயும் உருக்கியது சல்பைடைத்தான். அங்கேயும் ஜனங்க பேசினது புகையைப் பத்தி, தண்ணியைப் பத்தி.

எண்கள் ஒத்துப்போவது தற்செயல். செம்பு ஒரு பக்கமும் புகை இன்னொரு பக்கமும் போய்ச் சேருவது தற்செயல் இல்லை. கடலடியில் சேர்ந்தே பிறந்த இரண்டையும் பிரித்துப் பங்கு வைத்தது யார் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அந்தப் பாறையின் வரலாறு முழுசாகும்.