பதனிடுவோரின் கை: புலித்தோல், சட்டம், திபெத்திய அங்கி

2000 ஜனவரியில் உத்தரப்பிரதேசத்தின் ஃபதேபூர் மாவட்டத்தில், காகா என்னும் சிறுநகரில், சட்டவிரோதமாக இயங்கிய தோல் பதனிடும் கூடங்கள் சோதனையிடப்பட்டன. 4 புலித்தோல்கள், 70 சிறுத்தைத் தோல்கள், 221 வெளிமான் தோல்கள், 18,000க்கும் மேற்பட்ட சிறுத்தை நகங்கள் அங்கே கைப்பற்றப்பட்டன. சிறுத்தை ஒன்றுக்கு 18 நகங்கள். கணக்கிட்டால் ஏறத்தாழ ஆயிரம் விலங்குகள். எஞ்சியிருந்த தோல்கள் 70 மட்டுமே. ஏனையவை முன்னரே பதமாகி வெளியேறிவிட்டன என்று கொள்வதே பொருந்தும்.

இந்திய வனவிலங்கு வரலாறு பெரும்பாலும் இரு முனைகளிலிருந்தே எழுதப்பட்டு வந்துள்ளது: ஒருமுனையில் வேட்டையாடியவர், மறுமுனையில் உடுத்தியவர். இவ்விருவருக்கும் இடையே நின்றவர் பதனிடுபவர். அவருடைய தொழிலை அறியாமல் இந்த வணிகத்தின் நிலவியலை விளங்கிக்கொள்ள இயலாது.

உரித்த தோல் வெப்பத்தில் விரைவாக அழுகத் தொடங்கும். நுண்ணுயிர்கள் முதலில் மயிர்க்கால்களைத் தாக்குவதால் உரோமம் கொத்துக் கொத்தாக உதிரும். செருப்புக்கும் பைக்கும் தோல் பதனிடுபவருக்கு இதில் இழப்பில்லை. அவரே சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிரை நீக்குகிறார். உரோமத் தோலைப் பதனிடுபவரின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. மயிர் நிலைக்க வேண்டும், தோல் மட்டும் மெலிந்து இளக வேண்டும். ஆகவே அவர் உப்பிட்டு ஈரத்தை வெளியேற்றுகிறார். உட்புறத்துச் சதையையும் சவ்வையும் வழிக்கிறார். படிகாரமும் உப்பும் கலந்த கரைசலை ஏற்றுகிறார். பின்னர் கொழுப்பைத் தேய்த்து ஊட்டுகிறார். தோல் உலரும் நேரமே தீர்மானிக்கும் நேரம். இடைவிடாமல் இழுத்தும் பிசைந்தும் கொடுக்காவிட்டால் உள்ளிழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகைபோல் விறைத்துவிடும். விறைத்த தோலைச் சுவரில் மாட்டலாம். ஆடையில் தைக்க முடியாது.

திபெத்திய மேய்ச்சல் குடும்பங்கள் இவ்வறிவை வீட்டுத் தொழிலாகவே பேணிவந்தன. செம்மறியாட்டுத் தோலில் வெண்ணெய், தயிர், விலங்கின் மூளை ஆகியவற்றைப் பூசி, காலால் மிதித்து இளக்கிக் குளிர்கால அங்கிகளைத் தைத்தனர். வறண்ட குளிர்நாட்டிற்கு இம்முறை மிகவும் ஏற்றது. அந்த அங்கியின் விளிம்பில் நீர்நாய், சிறுத்தை, புலி ஆகியவற்றின் தோற்பட்டைகளைத் தைப்பது செல்வத்தின் அடையாளம். அதன் வேர் பழமையானது. கி.பி. 7 முதல் 9 வரையான நூற்றாண்டுகளின் திபெத்தியப் பேரரசில் புலித்தோல் வீரத்தின் சின்னமாக இருந்தது. கோழையின் மேல் நரிவால் தொங்கவிடப்பட்டதாகச் சீனக் குறிப்புகள் கூறுகின்றன. ஆட்டுத்தோல் வீட்டில் கிடைத்தது. புலி பீடபூமியில் வாழும் விலங்கன்று. 1990களில் திபெத்தில் கைகளில் பணம் புழங்கத் தொடங்கியபோது, இந்தப் பட்டைகளுக்கான தோல் பெருமளவில் இந்தியக் காடுகளிலிருந்து சென்றது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பதனிடுதலைக் கவனிக்கத் தவறவில்லை. பதனிடாத உறுப்பு எது, பதப்படுத்துதல் என்பது எதையெல்லாம் உள்ளடக்கும் என்று அது தனித்தனியே வரையறுத்து, அத்தொழிலை உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தது. 1986ஆம் ஆண்டின் திருத்தம் பட்டியலிட்ட விலங்குகளின் உறுப்புகளில் நிகழும் வணிகத்தையே தடைசெய்தது. தடை உரிமத்தை ஒழித்தது. கையில் இருந்த அறிவை ஒழிக்க முடியவில்லை. காகா நகரம் கான்பூருக்கும் அலகாபாத்துக்கும் இடைப்பட்ட தடத்தில் அமைந்திருப்பது இங்குக் கருதத்தக்கது. எருமை, ஆட்டுத் தோல்கள் நாள்தோறும் கைமாறும் வட்டாரத்தில் உப்பும் படிகாரமும் யாருடைய ஐயத்தையும் எழுப்புவதில்லை.

2003 அக்டோபரில் திபெத்தின் சாங்சாங் சோதனைச் சாவடியில் ஒரே சரக்கில் 31 புலித்தோல்களும் 581 சிறுத்தைத் தோல்களும் 778 நீர்நாய்த் தோல்களும் பிடிபட்டன. 2005இல் ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலிகூட எஞ்சவில்லை என்பது உறுதியாயிற்று. அதே ஆண்டில் திபெத்தியக் குதிரைத் திருவிழாக்களில் புலித்தோல் அங்கிகள் வெளிப்படையாக அணியப்படுவதை வனவிலங்கு அமைப்புகள் படம்பிடித்தன.

2006 ஜனவரியில் ஆந்திரத்தின் அமராவதியில் நடைபெற்ற காலச்சக்கர விழாவில், திபெத்திலிருந்து வந்திருந்த யாத்திரிகர்களிடம் தலாய் லாமா இதைக் குறிப்பிட்டு, அந்தக் காட்சி தமக்கு வெட்கம் தருவதாகக் கூறினார். அடுத்த சில வாரங்களில் கிழக்குத் திபெத்தின் ஊர்களில் மக்கள் தம் அங்கிகளின் உரோமப் பட்டைகளைப் பொது இடங்களில் குவித்து எரித்தனர். சீன அதிகாரிகள் இதனை விசுவாச அறிவிப்பாகக் கண்டு எரிப்பைத் தடுத்தனர். சிலர் கைது செய்யப்பட்டனர். விலங்குகளைக் காக்கும் செயலும் அரசியல் செயலும் ஒரே தீயில் கலந்திருந்தன. எது எந்த அளவு என்று பிரித்துக் காண்பது எளிதன்று. ஆயினும் முப்பதாண்டுச் சட்டத்தால் எட்ட முடியாத ஒரு தேவையை ஓர் உரை சில வாரங்களில் குலைத்தது என்பதில் ஐயமில்லை. வணிகம் அதனால் முடிந்துவிடவில்லை. ஆடையைவிட்டு, சீன நகரங்களின் செல்வர் இல்லங்களில் தரைவிரிப்பாகவும் சுவர் அலங்காரமாகவும் புலித்தோல் இடம்பிடித்தது.

இந்த வரலாற்றின் ஆவணங்கள் பெரும்பாலும் பறிமுதல் பட்டியல்களே. அவற்றில் தோல்களுக்கு எண்ணிக்கை உண்டு. இளக்கிய கைகளைப் பற்றிய குறிப்பு அரிது. கூலிக்குப் பிசைந்தவர் கொள்ளையின் மிகச் சிறு பங்கையே பெற்றிருப்பார். சிறைக்கு மிக அருகில் நின்றவரும் அவரே. அதே கைத்திறனால்தான் மேய்ச்சல் குடும்பத்தின் குழந்தை ஆட்டுத்தோலுக்குள் குளிர்காலத்தைக் கடந்தது. குற்றம் திறனில் இல்லை, அது ஏற்ற தோலில் இருந்தது. இவ்வேறுபாட்டைப் பதிவுசெய்ய, பதனிட்டவர்களின் வாய்மொழி வரலாறு தேவை. அத்தலைமுறை முதுமையை எட்டிக்கொண்டிருக்கிறது.