திருவரங்க மதிலில் ஓர் அங்கதம்: 1801ஆம் ஆண்டுச் சம்புத் தீவு அறிக்கை

1801ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாளிட்ட அறிக்கையொன்று திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் அரண்மனையிலும், திருவரங்கத் திருக்கோயிலின் மதிலிலும் ஒட்டப்பெற்றது. சிவகங்கைச் சின்ன மருதுவின் பெயரால் வெளிப்போந்த இதனை வரலாற்றாசிரியர் சம்புத் தீவு அறிக்கை என வழங்குவர். பழந்தமிழ் நூல்கள் நாவலந்தீவு எனக் கூறுவதும் இதனையே. கிளர்ச்சியின் சான்றாக இவ்வறிக்கை பலகாலும் எடுத்துக் காட்டப்பெறும். இதனை அங்கதமாகக் கொண்டு நோக்குதலே ஈண்டு நம் கருத்தாகும்.

அக்காலத்தில் இலண்டன் மாநகரில் அங்கதம் படவடிவில் விற்பனைக்கு வந்தது. செப்புத் தகட்டில் செதுக்கி, தாளில் அச்சிட்டு, கையால் வண்ணந் தீட்டிய கேலிப் படங்களைக் கடைகளின் சாளரங்களில் மாட்டுவர்; வாங்க இயலாதாரும் கூடி நின்று கண்டு நகைப்பர். இத்தொழிலில் தலைசிறந்தவர் சேம்சு கில்ரே. பிரெஞ்சுப் புரட்சியை அவர் இழித்து வரைந்த படங்கள் பல. எனினும் தம் நாட்டுத் தலைவரையும் அவர் விட்டாரல்லர். 1791இல் கவர்னர் செனரல் காரன்வாலிசு சீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட இயலாது மழைக்கும் உணவின்மைக்கும் அஞ்சிப் பின்வாங்கியபொழுது, கோட்டைமேல் நின்று திப்பு கழிக்கும் சிறுநீரே பருவமழையாகப் பெருகிவர, காரன்வாலிசு அதற்கு அஞ்சி ஓடுவதாக ஒரு படம் வரைந்தார். காவிரியின் இடைக்குறையாய் அரங்கன் பள்ளிகொண்ட அவ்வூரின் பெயர் இலண்டன் தெருவில் நகைப்பொருளாயிற்று. 1797 முதல் கில்ரே அரசினரிடம் ஆண்டுக்கு 200 பவுன் மறைவாகப் பெற்று வந்தார் என்பதும் மறக்கற்பாலதன்று.

காவிரியின் கீழ்ப்பால் உள்ள நம் அரங்கத்தில் செப்புத் தகடும் இல்லை, அச்சுப்பொறியும் இல்லை. தமிழ் அச்சு தரங்கம்பாடியில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கால்கொண்டதாயினும், அது பாதிரிமார் கையிலும் பின்னர்க் கும்பெனியார் கையிலும் இருந்தது. எனவே கிளர்ச்சியாளர்க்கு எஞ்சியவை எழுத்தாணியும் சுவருமே.

தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் கரந்தது என்றும் இரண்டாக வகுப்பர். அறிக்கை செம்பொருளைச் சார்ந்தது; வெளிப்படையான வசை. ஆயினும் அவ்வசை ஐரோப்பியரை இழிஞர் என்பதோடு நிற்கவில்லை. அவர்க்கு இடங்கொடுத்த நவாபு முகமதலி கணவனை இழந்தாள்போல் ஆயினார் என்று, அவர் மரபினர்க்குரிய அரண்மனையிலேயே எழுதி ஒட்டிய துணிவு நோக்கத்தக்கது. கும்பெனிப் படையில் ஊழியம் புரியும் சுபேதார் முதல் சிப்பாய் ஈறாக அனைவரையும் அது பெயர்சுட்டி விளிக்கின்றது. மீசையுடையார் யாவரும் படைக்கலம் ஏந்துக என்றும், ஏந்தாதார் மீசை இன்னதற்கு ஒப்பாகும் என்றும் கூறுகின்றது. அவ்வுவமை இவ்விதழில் எழுதத்தக்கதன்று. சிப்பாய் கேட்டு நாணியிருப்பான் என்பதில் ஐயமில்லை. கில்ரேயின் படம் காண்பவனை நகைக்கச் செய்தது. இவ்வறிக்கையோ படிப்பவனையே நகைப்பிற்கு இலக்காக்கிற்று.

இனி, அறிக்கையின் இறுதிப் பகுதிதான் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் இன்றியமையாதது. இதனைச் சுவரினின்றும் கிழிப்பவன் ஐம்பெரும் பாதகம் செய்தவனாவான். படித்தவன் படியெடுத்துப் பரப்புதல் வேண்டும். பரப்பாதவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை எய்துவான் என அது முடிகின்றது. உடன்படாத முசுலிம்களுக்கு அவர் சமயத்திற்கேற்ற பழி தனியே கூறப்பெறுகின்றது.

கல்வெட்டுப் பயிற்சியுடையார்க்கு இம்முடிவு புதிதன்று. கொடைச் சாசனங்களின் ஈற்றில் அறத்தைக் காக்குமாறு அமைக்கும் ஓம்படைக்கிளவியே இது. காராம்பசுவின் பாவம் விசயநகர, நாயக்கர் காலத்துச் சாசனங்களில் பன்முறை பயின்று வரும் தொடராகும். திருவரங்கத்தின் மதில்களோ நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளைத் தாங்கி நிற்பன. ஆகவே இத்தாளை ஒட்டியவர் தகுந்த இடத்தையே தேர்ந்தனர் எனலாம். வழிபட வருவோர் சாசனத்திற்குரிய அச்சத்தோடு இதனைப் படிப்பர் என்று அவர் எண்ணியிருத்தல் கூடும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கல்வெட்டின் ஓம்படை, உள்ளதை அழிக்கற்க என்று தடுப்பது. இவ்வறிக்கையின் ஓம்படை, படியெடுத்துப் பெருக்குக என்று ஏவுவது. இலண்டனில் செப்புத் தகடு செய்த வேலையை ஈண்டுப் பழி செய்தது. இத்தகைய ஆட்சியை நாம் வேறெங்கும் கண்டிலேம்.

நான்கு திங்களில் எல்லாம் முடிந்தது. மருது உடன்பிறந்தார் இருவரும் அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பெற்றனர். டிசம்பர் 1இல் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவு, மக்கள் படைக்கலங்களை ஒப்படைக்குமாறு அறிக்கை விடுத்தார்.

மருதுவின் தாளைப் படியெடுத்தவருள் கும்பெனியாரும் அடங்குவர். ஆங்கிலத்தில் பெயர்த்துத் தம் ஆவணத்தில் அவர் சேர்த்து வைத்தனர். நம் ஆய்வும் அம்மொழிபெயர்ப்பின் வழிப்பட்டதே. அதன் ஆங்கிலத் தொடர்களைச் சாசனத் தமிழோடு ஒப்பிட்டு நோக்கின், வசையும் ஓம்படையும் எத்தகைய சொற்களால் அமைந்திருத்தல் கூடும் என்பது ஓரளவு புலனாகும். காராம்பசு என்னும் ஒரு சொல்லை நாம் அவ்வாறே இனங்கண்டோம்.