வாசற்படி தாண்டாத பக்தி

"ஆண்டவர் மனசைத்தான் பாக்குறாரு, எங்க உக்காந்தா என்ன?" சாதிக் கிறித்தவர்கள் காலங்காலமாக நமக்குச் சொல்லிவரும் சமாதானம் இது. கேட்க வேதவாக்கு போலிருக்கும். வரலாற்றைப் புரட்டினால் குட்டு வெளிப்படும்.

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, சாதி சமூக வழக்கமே தவிர மதமல்ல என்று வாதாடினார். விசுவாசம் உள்ளே, பூணூல், குடுமி, சந்தனமெல்லாம் வெளியே. 1623இல் பாப்பரசர் இதை அனுமதித்தார். எளிய சாதியாரை இகழாதீர்கள் என்று அதே கடிதத்தில் அவர் மன்றாடியும் இருந்தார். அனுமதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள், மன்றாட்டை மறந்துபோனார்கள்.

விளைவு என்ன? பறையர் வீட்டுக்குள் குருவானவர் போனால் தீட்டு. சாகக் கிடக்கிறவருக்கு அவஸ்தைப்பூசுதல் வேண்டுமென்றால், அவரைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். பூசை, ஒருசந்தி, மந்திரம் எதிலும் குறை வைக்காதவர்களுக்கு ஒரு குடிசையின் வாசற்படி ஏற முடியவில்லை. இப்படிக் காத்திருக்காதீர்கள், வீட்டுக்கே போங்கள் என்று 1704இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் தூர்னோன் கட்டளையிட்டார். நாற்பது ஆண்டு வழக்காடினார்கள். 1744இல் முடிவு வந்தது: பறையர்களுக்கென்று தனிக் குருக்கள்! தீட்டை ஒழிக்கவில்லை, தீட்டுக்கு ஆள் வைத்தார்கள்.

திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்து வந்ததைச் சுவிசேஷம் சொல்கிறது. நோயாளியைத் தூக்கி வந்த நம் முன்னோர்களிடம் நான் அந்த நாலுபேரைத்தான் பார்க்கிறேன். பக்தி அவர்கள் தோளில் இருந்தது. சட்டம் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

சீர்திருத்த சபைகளிலும் இதே கதைதான். சாதி வெறும் உலக வழக்கம் என்ற வாதத்தை 1833இல் பிஷப் டேனியல் வில்சன் ஏற்க மறுத்தார். தனி இருக்கை கூடாது, நற்கருணையில் பேதம் கூடாது என்றார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே போனார்கள். வெறும் 'வெளி வழக்கம்' என்றால், அதற்காகச் சபையை விடுவானேன்?

வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலுக்குப் பீடம் ஒன்று, கூடம் இரண்டு. வேளாளர் ஒருபக்கம், நாடாரும் மற்றவரும் மறுபக்கம். நடுவில் சுவர். 1910இல் அதை இடித்தபோது வேளாளர் வழக்குப் போட்டு, உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

மனசு வேறு, வழக்கம் வேறு என்று பிரித்த கோட்டின் மேல்தான் இந்தச் சுவர்களெல்லாம் எழும்பின. ஆகவே வெறும் சடங்கை எதிர்த்து 'உள்ளத்தின் பக்தி' பேசுகிறவர்களிடமும் நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். கையிலும் காலிலும் இறங்காத பக்தி, சடங்கைவிட வசதியான ஒளிவிடம்.

பல ஊர்களில் கல்லறைத் தோட்டம் இன்னும் தனித்தனிதான். மனசு சுத்தம் என்கிறவரிடம் நாம் கேட்பது இதுதான்: எங்க வீட்டு வாசப்படி ஏறுவீங்களா? எங்க பொணம் உங்க பொணத்துக்குப் பக்கத்துல படுக்கலாமா?