நிமலராஜன் படுகொலை: கால் நூற்றாண்டாகியும் கிடைக்காத நீதி

யாழ்ப்பாணத்திலிருந்து பிபிசி தமிழோசைக்குச் செய்தி வழங்கி வந்த ஊடகவியலாளர் மயில்வாகனம் நிமலராஜன், 2000ஆம் ஆண்டு ஒக்ரோபர் 19ஆம் திகதி இரவு தனது வீட்டில் சுட்டுப் படுகொலை செய்யப்பட்டார். அப்போது ஊரடங்குச் சட்டம் நடைமுறையில் இருந்தது. யாழ்ப்பாண நகரம் இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்தது.

அறையில் எழுதிக்கொண்டிருந்தவர் மீது யன்னலூடாகத் துப்பாக்கிப் பிரயோகம் செய்யப்பட்டது. வீட்டினுள் கைக்குண்டும் வீசப்பட்டது. அவரது பெற்றோரும் 11 வயது மருமகனும் காயமடைந்தனர்.

நல்லூரில் எங்கள் ஒழுங்கையில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றித் தமிழோசை கேட்டோம். பக்கத்து ஊரில் நடந்ததையே இலண்டன் வழியாக அறிந்த நாட்கள் அவை. யாழ்ப்பாணத்தில் நின்று அந்தச் செய்தியை அனுப்புவது எத்தகைய ஆபத்து என்பதை நாங்கள் அறிவோம்.

நிமலராஜன் தமிழருக்காக மட்டும் எழுதவில்லை. வீரகேசரியில் எழுதியதோடு, பிபிசியின் சிங்கள சேவைக்கும் ‘ராவய’ சிங்களப் பத்திரிகைக்கும் செய்தி வழங்கினார். யாழ்ப்பாணத்து மக்களின் நிலை தென்னிலங்கைக்குச் சென்ற மிகச் சில வழிகளில் அவரும் ஒருவர். 2000 ஒக்ரோபர் 10ஆம் திகதி நடைபெற்ற நாடாளுமன்றத் தேர்தலின் முறைகேடுகளையும் அவர் வெளிக்கொணர்ந்தார். அதுவே கொலைக்குக் காரணமாக இருக்கலாம் என ஊடக உரிமை அமைப்புகள் கருதின.

சந்தேகநபர்கள் சிலர் கைதாகிப் பிணையில் வெளிவந்தனர். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 2021இல் சட்டமா அதிபர், அவர்கள் மீதான வழக்கைத் தொடரப்போவதில்லை என அறிவித்தார்.

இலங்கையில் மூடப்பட்ட கதவு பிரித்தானியாவில் சற்றே திறந்தது. 2022 பெப்ரவரியில், இக்கொலை தொடர்பில் ஒருவரை இலண்டன் பெருநகரப் பொலிஸாரின் போர்க்குற்ற விசாரணைப் பிரிவினர் நோர்தாம்ப்டன்ஷயரில் கைது செய்தனர். பின்னர் அவர் விசாரணை தொடரும் நிலையில் விடுவிக்கப்பட்டார். தகவல் தெரிந்தோர் முன்வருமாறு பொலிஸார் வேண்டுகோள் விடுத்தனர்.

ஒவ்வோர் ஒக்ரோபரிலும் யாழ்ப்பாணத்தில் அவரது படத்துக்கு மலர் தூவி அஞ்சலி செலுத்துகிறோம். அஞ்சலியால் மட்டும் வழக்கு நகராது. அன்று கண்டதைச் சொல்லப் பயந்தவர்களில் பலர் இன்று புலம்பெயர் நாடுகளில் இருக்கக்கூடும். சாட்சிகள் முதுமையடைவதற்குள் அவர்கள் வாய் திறந்தால்தான், பிறருக்கு நடந்ததையெல்லாம் உலகுக்குச் சொன்னவருக்கு என்ன நடந்தது என்பதும் ஒரு நீதிமன்றில் பதிவாகும்.