மரம் யாருடையது, சந்தை யாருடையது?
கனடா - அமெரிக்கக் கடதாசி வணிகம் பற்றிச் சில குறிப்புகள்

ஒரு காலத்தில் பொருளாதார வரலாறு கற்பித்த நான், இப்போது ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு மட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறேன். லொறியில் வந்திறங்கும் கடதாசி உருளைகளில் சில கியூபெக்கிலிருந்து வருபவை. சில எல்லைக்கு அப்பாலிருந்து வருபவை. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்ததென்று பார்க்கும் பழக்கம் எனக்குண்டு. 1990களில் பொருளாதாரத் தடையின்போது, யாழ்ப்பாணத்தில் கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சான பத்திரிகையை வாசித்தவன் நான். கடதாசி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அன்று தொடங்கியது.

அண்மையில் ஒரு சந்திப்பில் நண்பர் ஒருவர், "வளம் எங்கள் மண்ணில் இருக்கிறது. அதன்மீது அதிகாரம் கிடைத்தால் மற்றவை தானாக வரும்" என்று வாதிட்டார். அவருக்கான பதிலை நாம் அடைக்கலம் பெற்ற இந்நாட்டின் வரலாற்றிலேயே தேடலாம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரக்கூழிலிருந்து மலிவாகப் பத்திரிகைத்தாள் செய்யும் முறை பரவியது. அமெரிக்கப் பத்திரிகைகள் பெருகின. அந்நாட்டின் வடகிழக்குக் காடுகள் போதாமல் போகவே, அங்குள்ள ஆலைகள் கனடிய மரத்தை நாடின. அமெரிக்கத் தீர்வைச் சட்டமும் அவற்றுக்குச் சாதகமாகவே இருந்தது. கூழ்மரம் தீர்வையின்றி நுழையலாம். ஆனால் பத்திரிகைத்தாளுக்கு 1897இன் சட்டப்படி தொன்னுக்கு 6 டொலர் தீர்வை. மரம் வெட்டும் கூலி கனடாவுக்கு, கடதாசியின் இலாபம் அமெரிக்காவுக்கு என்பதே இதன் பொருள்.

1900இல் ஒன்ராறியோ மாகாணம் இதற்கு மறுமொழி கொடுத்தது. முடிக்குரிய காணிகளில் வெட்டப்படும் கூழ்மரத்தைக் கனடாவுக்குள்ளேயே பதப்படுத்த வேண்டும் என்று விதித்தது. 1910இல் கியூபெக்கும் 1911இல் நியூ பிரன்ஸ்விக்கும் அதே வழியைப் பின்பற்றின. மறுபுறத்தில், மலிவான தாளை விரும்பிய அமெரிக்கப் பத்திரிகை முதலாளிகளும் தம் அரசை நெருக்கினர். 1909இல் தீர்வை 3.75 டொலராகக் குறைந்தது. 1911இல் இரு நாடுகளுக்குமிடையிலான வர்த்தக உடன்பாட்டைக் கனடிய வாக்காளர் தேர்தலில் நிராகரித்தனர். ஆயினும் அமெரிக்கச் சட்டத்தில் பத்திரிகைத்தாள் பற்றிய பிரிவு மட்டும் நடைமுறைக்கு வந்துவிட்டது. 1913இன் புதிய சட்டத்தோடு சாதாரணப் பத்திரிகைத்தாளுக்கான தீர்வை முற்றாக நீங்கியது.

அதன்பின் ஆலைகள் வடக்கே நகர்ந்தன. 1926இல் பத்திரிகைத்தாள் உற்பத்தியில் கனடா அமெரிக்காவை முந்தியது. இங்கே நண்பரின் வாதம் வென்றுவிட்டதுபோல் தோன்றும். ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, உடைமை. 1913இல் ஒன்ராறியோவின் தொரோல்டில் இயங்கத் தொடங்கிய ஆலை சிக்காகோ ட்ரிபியூனுக்காகக் கட்டப்பட்டது. 1937இல் கியூபெக்கின் பே-கோமோ நகரையும் ஆலையையும் உருவாக்கியதும் அதே பத்திரிகைதான். கபஸ்கேசிங்கில் 1928இல் பத்திரிகைத்தாள் செய்யத் தொடங்கிய ஆலையில் நியூ யோர்க் ரைம்ஸ் பங்காளி.

இரண்டாவது, எந்தத் தாள் என்பது. பத்திரிகைத்தாளுக்குத் திறந்த கதவு உயர்தரத் தாள்களுக்கும் மட்டைப் பொருட்களுக்கும் திறக்கவில்லை. அமெரிக்கா அவற்றின்மீது தீர்வையை வைத்திருந்தது. 1989இன் சுதந்திர வர்த்தக உடன்படிக்கைக்குப் பின்னரே இத்தகைய தடைகள் படிப்படியாக நீங்கின. அதுவரை, ஒரே பொருளை ஒரே வாடிக்கையாளருக்குச் செய்யும் தொழிலாகவே இது பெரும்பாலும் வளர்ந்தது. பெருமந்தத்தில் தாளின் விலை வீழ்ந்தபோது, 1932இல் அபிடிபி போன்ற பெரு நிறுவனமே கடனில் மூழ்கி நீதிமன்றப் பொறுப்பாளரின் கைக்குப் போனது.

மூன்றாவது, முடிக்குரிய காணி என்ற அந்தச் சொல். அந்தக் காடுகள் கிரீ, அனிஷினாபே முதலிய பூர்வகுடிகளின் நிலம். 'எங்கள் மரம்' என்று மாகாணங்கள் உரிமை கோரியபோது அவர்களைக் கேட்கவில்லை. முடிக்குரிய காணி என்ற பெயரில் நிலம் கைமாறிய கதை நமக்கும் புதிதல்ல.

2018இல் பழைய நாடகம் மீண்டும் மேடையேறியது. வாஷிங்டன் மாநிலத்து ஆலை ஒன்றின் முறையீட்டின் பேரில் கனடியத் தாளுக்கு அமெரிக்கா தீர்வை விதித்தது. அமெரிக்கப் பத்திரிகைகளே அதை எதிர்த்தன. அவ்வாண்டு ஓகஸ்ட் 29இல் சர்வதேச வர்த்தக ஆணைக்குழு அதை ஏகமனதாகத் தள்ளுபடி செய்தது. ஆனால் தீர்வை செய்யாததை வாசகர் செய்துவிட்டனர். அச்சுப் பத்திரிகையை விட்டு அவர்கள் விலகியபோது ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. தொரோல்ட் 2017இலும் பே-கோமோ 2020இலும் ஓய்ந்தன. பத்திரிகை முதலாளிகள் வேறு தொழில் தேடலாம். ஆலையை நம்பி எழுந்த நகரம் எங்கே போகும்?

ஒன்ராறியோவின் 1900ஆம் ஆண்டு விதி தவறென்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் மரம் மட்டுமே எல்லை கடந்திருக்கும். வளத்தின்மீதான அதிகாரம் அவசியம். ஆனால் அது ஆலையைத்தான் கொண்டுவந்தது. ஆலையின் உடைமையாளர் யார், அங்கு செய்வதை வாங்குபவர் யார், அந்த நிலத்தில் முதலில் இருந்தவர் யார் என்ற கேள்விகளுக்கு அது விடை தரவில்லை. 1991இல் கபஸ்கேசிங் தொழிலாளர்கள் டெம்பெக் நிறுவனத்தோடு சேர்ந்து தம் ஆலையையே வாங்கினார்கள். ஆலை அப்போது தப்பியது. பின்னர் முழு உரிமையும் அந்நிறுவனத்திடமே போய்ச் சேர்ந்தது. எனினும் அந்தக் கேள்விகளைத் தொழிலாளர்களே கேட்டுப் பார்த்த ஒரு சந்தர்ப்பம் அது.

நண்பருக்கு என் வேண்டுகோள் இதுதான்: நம் மண்ணின் எதிர்காலம் பற்றி வரையும் திட்டங்களில், அதிகாரம் பற்றிய அத்தியாயத்தோடு நின்றுவிடாமல் இந்தக் கேள்விகளுக்கும் சில பக்கங்களை ஒதுக்குங்கள். அவற்றைப் பற்றி இந்த இதழிலேயே விவாதிக்கலாம்.